ராப் ஒட்டிய காரை வன்னி வெயிலில் எப்படிக் கழுவுவது?

கிளிநொச்சியில் இருக்கிறேன், காருக்கு ராப், அதாவது பெயின்டுக்கு மேலே ஒட்டும் வினைல் ஸ்டிக்கர், ஒட்டி 2 மாதம், சேர்விஸ் ஸ்டேஷனில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விடமாட்டேன். பிரஷர் கன்னை ஓரத்தில் கிட்டப் பிடித்தால் ஸ்டிக்கர் கிளம்பிவிடும். என் காரில் கதவு விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கிளம்பி, அதற்குள் கிரவல் தூசி போய், பிறகு எப்படி அழுத்தியும் படியவில்லை.

வீட்டிலேயே, வெள்ளெனக் கழுவுங்கள், தகடு சூடாக இருக்கும்போது வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிச் செம்மண்ணை இறக்கிவிட்டுத்தான் துணியால் தொட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மணலே அரம் மாதிரிக் கீறும். கார் ஷாம்பு போதும், சட்டி கழுவும் சோப் வேண்டாம். அப்புறம், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், தானாகக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டு விழும். மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள்.

பொனட்டும் கூரையும்தான் முதலில் மங்கும், வெயில் நேரே இறங்குவது அங்கேதான். வேப்பமர நிழல் நல்லதுதான், ஆனால் காகம் சும்மா விடாது. எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாமல் ஈரத்துணியை 10 நிமிடம் போட்டு ஊறவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் ராப் என்றால் வக்ஸ் பக்கமே போகாதீர்கள், திட்டுத்திட்டாக மினுங்கும்.