சமீபத்தில் நீங்கள் விளையாடிய வீடியோ கேம்களில், முதல் பாகத்தை விஞ்சிய இரண்டாம் பாகம் எது?

'ஹாலோ நைட்: சில்க்சாங்' என்பதே என் பதில். 2017இல் வெளிவந்த 'ஹாலோ நைட்' விளையாட்டின் கூடுதல் பகுதியாகத் தொடங்கி, பின்னர் தனி விளையாட்டாக வளர்ந்து, 2019இல் அறிவிக்கப்பட்ட இது 2025 செப்டம்பரில்தான் வெளியானது.

முதல் பாகத்தின் வீரன் எதிரியின் தலைக்கு மேலே எழும்பி நேர்க்கீழாக வெட்டுவான். இதில் நாம் இயக்கும் ஹார்னெட், தொடக்கத்தில் சாய்வாகத்தான் கீழே பாய்கிறாள். இந்தச் சிறிய மாற்றம் முதல் பாகத்தில் ஊறியவர்களின் விரல் பழக்கத்தையே குலைத்துவிடுகிறது. எதிரிக்கு நேர் மேலே போவதற்குப் பதிலாக, எவ்வளவு தள்ளி எழும்பினால் பாய்ச்சல் சரியாக விழும் என்று ஒவ்வொரு முறையும் கணிக்க வேண்டியிருக்கிறது. உயிரை மீட்கும் முறையும் மாறியுள்ளது. முன்பு தரையில் நின்று, சேர்த்த ஆற்றலில் கொஞ்சத்தைச் செலவிட்டு, உயிரின் அளவைக் காட்டும் முகமூடிகளை ஒவ்வொன்றாக மீட்டோம். இப்போது போதுமான பட்டுநூல் சேரும் வரை காத்திருக்க வேண்டும், ஆனால் சேர்ந்துவிட்டால் அந்தரத்தில் இருக்கும்போதே மூன்று முகமூடிகளை ஒரே மூச்சில் மீட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் எதிரிகளை அடித்தால்தான் நூல் சேரும் என்பதாலும், பல எதிரிகளின் ஓர் அடியே இரண்டு முகமூடிகளைப் பறித்துவிடும் என்பதாலும், ஒதுங்கி நின்று பிழைக்கும் உத்தி இங்கே அதிகம் பலிப்பதில்லை. சாய்வுப் பாய்ச்சல் பிடிக்காதவர்கள், வழியில் கிடைக்கும், தாக்கும் முறையை மாற்றும் முத்திரைகளை அணிந்து பழைய பாணிக்கு நெருக்கமாகவும் ஆடலாம். அப்படி மாற்றாமல் ஆடுவதே இதன் சுவை என்பது என் கருத்து. 'லாஸ்ட் ஜட்ஜ்' என்ற தலைமை எதிரியிடம் தோற்கும்போதெல்லாம் நீண்ட பாதையை மீண்டும் கடக்க வைப்பது மட்டும் தேவையற்ற தண்டனையாகவே படுகிறது.

2023இல் வந்த 'செல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' இதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. 2017இன் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' காட்டிய அதே ஹைரூல் நிலத்தையே மீண்டும் தருகிறார்களே என்ற தயக்கம் விளையாடத் தொடங்கியதும் போய்விட்டது. முந்தைய பாகத்தில் ஆயுதங்கள் சீக்கிரம் உடைந்துவிடுவதால், சிறிய அரக்கர் கூட்டங்களைக் கண்டால் விலகிப் போவதே லாபமாக இருந்தது. இதிலும் ஆயுதங்கள் உடையத்தான் செய்கின்றன. ஆனால் வீழ்த்திய அரக்கனின் கொம்பைத் துருப்பிடித்த வாளில் பொருத்தினால் அது வலிமை பெறுகிறது என்பதால், முன்பு தவிர்த்த சண்டைகளை நாமே தேடிப் போகிறோம். நிலத்தடி உலகம் மட்டும் மிகப் பெரிதாக இருந்தும், பாதிக்குமேல் ஒரே மாதிரியாகத் தோன்றி அலுப்பூட்டியது.

'காட் ஆஃப் வார்: ரக்னராக்' (2022) கதையாலும் நடிப்பாலும் நிறைவளித்தது. தந்தை கிரேட்டோஸும் மகன் அட்ரியஸும் பேசிக்கொள்ளும் இடங்கள், 2018இல் வந்த இந்தக் கதையின் முதல் பாகத்தைவிட முதிர்ச்சியானவை. ஆனால் சண்டையில் ஈட்டி ஒன்று புதிதாகச் சேர்ந்ததைத் தவிர, 2018இல் பழகிய கை அப்படியே போதுமானதாக இருந்தது. புதிர்களின் முன் நாம் யோசிக்கத் தொடங்குவதற்குள் உடன் வருபவர்கள் விடையைச் சொல்லிவிடுவதும் எரிச்சலூட்டுகிறது. கதைக்காக விளையாடுபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முதல் பாகத்தை விஞ்சியதாகச் சொல்ல மாட்டேன்.