வாசகர் கேள்வி: எங்கள் கிளப் எங்கே போகிறது?

கேள்வி: பல ஆண்டுகளாக ஒரே கால்பந்து கிளப்பின் ரசிகனாக இருக்கிறேன். தோல்விகள் எனக்குப் பழகியவைதான். ஆனால் அண்மைக் காலமாக வென்ற நாளில்கூட மனம் நிறைவதில்லை. அடிக்கடி ஒரு புதிய பயிற்சியாளர் வருகிறார். அவர் கேட்ட வீரர்களை வாங்குகிறார்கள். அவர் போனதும் அதே வீரர்களைச் சுமை என்கிறார்கள். கிளப் எதை நோக்கிப் போகிறது என்று யாரும் சொல்வதில்லை. "உண்மையான ரசிகன் பொறுமையாக இருப்பான்" என்று நண்பர்கள் கடிந்துகொள்கிறார்கள். என் ஆதங்கம் தவறா?

பதில்: தவறே இல்லை. தோற்பது வேறு, திக்குத் தெரியாமல் நிற்பது வேறு. இன்றைய தோல்வி ஏதோ ஓர் இடத்துக்குப் போகும் வழியில் வந்தது என்று நம்ப முடிந்தால், ரசிகர்கள் எத்தனை தோல்வியையும் தாங்கிக்கொள்வார்கள். அந்த நம்பிக்கைக்கே ஆதாரம் இல்லாதபோதுதான் வெற்றியும் தற்செயலாகத் தெரியத் தொடங்குகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப்தான் நினைவுக்கு வந்தது. 2016-இல் ஃபர்ஹாத் மோஷிரி அதன் பெரும் பங்குதாரர் ஆனதும் கிளப்பில் பணத்துக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டுக் கோடையில், முந்தைய சீசனில் இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீகில் 25 கோல்கள் அடித்திருந்த ரொமேலு லுக்காக்குவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். அதே கோடையில் வெய்ன் ரூனி, டேவி கிளாசன், கில்ஃபி சிகுர்ட்சன் ஆகிய மூவரையும் சேர்த்துக்கொண்டார்கள். மூவருமே முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்த விரும்புகிறவர்கள். பந்து காலுக்கு வந்ததும் மூவரும் தலை நிமிர்ந்து தேடுவது, தடுப்பாளர்களைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடும் ஒருவரைத்தான். அந்த ஒருவரையோ விற்றாகிவிட்டது. அக்டோபரில் அணி தரவரிசையில் 18-ஆம் இடத்துக்கு இறங்கியபோது பயிற்சியாளர் ரொனால்ட் கூமன் நீக்கப்பட்டார். அந்த மூவரையும் ஒரே கோடையில் சேர்க்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி அவரோடு போய்விடவில்லை.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். கூமனில் தொடங்கி 2023-இல் வந்த ஷான் டைஷ் வரை, ஏழு ஆண்டுகளில் ஏழு நிரந்தரப் பயிற்சியாளர்கள். தற்காப்பை நம்பும் சாம் அல்லர்டைஸுக்குப் பின் தாக்குதல் ஆட்டத்தை விரும்பும் மார்க்கோ சில்வா. கார்லோ ஆன்செலோட்டி ரியல் மாட்ரிட்டுக்குத் திரும்பிச் சென்றதும், பரம எதிரியான லிவர்பூலை முன்பு வழிநடத்திய ரஃபா பெனிட்டஸ். ஒருவருக்காகத் தேர்ந்தெடுத்த வீரர்கள் அடுத்தவருடைய ஆட்ட முறைக்குப் பொருந்தாமல் போக, மறுபடியும் செலவு, மறுபடியும் நட்டம். கிளப்புகளுக்கு பிரீமியர் லீக் விதித்திருந்த நட்ட வரம்பை மீறியதற்காக 2023 நவம்பரில் 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் நடுவே மைதானத்தை நிரப்பிக்கொண்டிருந்த ரசிகர்களிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: ஒரு கிளப்பிடம் திட்டம் இருக்கிறதா என்பதை வெளியில் இருக்கும் நாம் எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: முக்கியமான ஒருவர் விலகும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இன்னொரு பிரீமியர் லீக் கிளப்பான பிரைட்டனில் 2022 செப்டம்பரில், சீசன் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த நிலையில், பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரை உதவியாளர்களோடு சேர்த்து செல்சி அழைத்துக்கொண்டது. ஏறத்தாழ பத்து நாட்களில் ராபர்ட்டோ டி செர்பி வந்தார். தன் கோல் பகுதியிலிருந்தே பந்தைக் கைமாற்றி ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் வழக்கத்தை அவர் கைவிடவில்லை, மேலும் கூர்மையாக்கினார். அந்த சீசனில் அணி ஆறாம் இடம் பிடித்து, தன் வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. பிரைட்டன் ரசிகர்களுக்கும் வருத்தம் உண்டு. நேசித்த வீரர்கள் ஆண்டுதோறும் விற்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல. ஆனால் ஏன் விற்கிறார்கள், அந்த இடத்துக்கு யார் காத்திருக்கிறார் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பணம் கைக்கு வரும் நேரமும் அப்படியே ஒரு சோதனைதான். 2017 ஆகஸ்டில் நெய்மாரை 22.2 கோடி யூரோவுக்கு இழந்த பார்சிலோனா, அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவசரமாக ஆள் தேடியது. உஸ்மான் டெம்பெலே வந்தார். 2018 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து ஃபிலிப்பே கூட்டீன்யோ வந்தார். மெஸ்ஸி இயல்பாக உலாவும் பகுதியே கூட்டீன்யோவுக்கும் உகந்தது என்பதால், அவரை எங்கே நிறுத்துவது என்ற குழப்பம் கடைசிவரை தீரவில்லை. கூட்டீன்யோவை விற்ற லிவர்பூலோ அதே ஜனவரியில் தடுப்பாளர் வெர்ஜில் வான் டைக்கையும், கோடையில் கோல்காப்பாளர் அலிசனையும் சேர்த்துக்கொண்டது. தங்கள் அணியில் எந்த இடங்கள் பலவீனமானவை என்பதை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். 2019-இல் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் பார்சிலோனாவை 4-0 என வீழ்த்திக் கோப்பையையும் வென்றார்கள். அதற்கடுத்த ஆண்டு பார்சிலோனா 8-2 என்று பயர்ன் மியூனிக்கிடம் சிதறியபோது, எதிரணிக்காகக் கடைசி இரண்டு கோல்களை அடித்தவர், பார்சிலோனாவே இரவலாகக் கொடுத்திருந்த கூட்டீன்யோ. ஒரே வீரர் கைமாறியதில், ஒரு கிளப்பின் தெளிவும் இன்னொரு கிளப்பின் தடுமாற்றமும் அருகருகே தெரிகின்றன.

கேள்வி: ஆர்சனல் பொறுமையாக இருந்துதானே மேலே வந்தது? எல்லா ரசிகர்களும் அப்படி இருக்கலாமே?

பதில்: 2021–22 சீசனின் முதல் மூன்று ஆட்டங்களில் ஆர்சனல் ஒரு கோலும் அடிக்காமல் ஒன்பது கோல்கள் வாங்கிக் கடைசி இடத்தில் கிடந்தது உண்மை. ஆனால் அந்தக் கோடையில் அவர்கள் வாங்கிய ஆறு வீரர்களும் 23 வயதுக்கு மேற்படாதவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். கிளப் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மோசமான அந்த வாரங்களிலும் கண்ணுக்குத் தெரிந்தது. பொறுத்திருங்கள் என்று கேட்பவர்கள், எதற்காகப் பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் காட்ட வேண்டும், ஆர்சனல் காட்டியது.

கேள்வி: திட்டத்தை வெளியே சொன்னால் போட்டிக் கிளப்புகள் பயன்படுத்திக்கொள்ளாதா?

பதில்: யாரை வாங்கப்போகிறோம் என்பது ரகசியமாகவே இருக்கட்டும். எந்த வகை ஆட்டம், எந்த வயது வீரர்கள், இளையோர் அணியிலிருந்து மேலே வர வழி உண்டா, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இறுதிப் பொறுப்பு யாருடையது என்பவற்றைச் சொல்வதால் எந்தக் கிளப்பும் கெட்டுப்போகாது.

கேள்வி: ரசிகர்களால் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: அது கிளப் யாருடையது என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது விதி. பார்சிலோனாவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப் என்பதால், அந்த 8-2 தோல்விக்குப் பின் தலைவர் பார்த்தொமேயுவுக்கு எதிரான நம்பிக்கையில்லா வாக்கெடுப்புக்குத் தேவையான கையெழுத்துகளை அவர்களால் திரட்ட முடிந்தது. 2020 அக்டோபரில் அவர் பதவி விலகினார். தனி உரிமையாளரின் கிளப்பில் இந்த ஆயுதம் இல்லை. ஆயினும் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கிளப்புகளுக்கு ரசிகர் ஆலோசனைக் குழு கட்டாயமாகிவிட்டது. 2025-இல் இயற்றப்பட்ட கால்பந்து நிர்வாகச் சட்டம் சுதந்திரமான ஓர் ஒழுங்காற்று அமைப்பையும் உருவாக்கியுள்ளது.

உங்கள் கிளப்பிலும் அத்தகைய குழுவோ ரசிகர் கூட்டமோ இருந்தால் தவறாமல் செல்லுங்கள். "எப்போது கோப்பை வெல்வோம்" என்று கேட்டால் வாக்குறுதிதான் கிடைக்கும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: இந்தப் பயிற்சியாளர் நாளையே விலகினால் அடுத்தவரை எந்த அடிப்படையில் தேடுவீர்கள், இப்போது இருக்கும் வீரர்களில் எத்தனை பேர் அவருக்கும் பொருந்துவார்கள், இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இந்த அறையில் இருக்கிறாரா?