வெட்டிய புல் பைக்குள் போகாமல் தரையில் கொட்டுகிறதா?

கேள்வி: கோவையில் வீட்டைச் சுற்றி நான்கு சென்ட் புல்தரை இருக்கிறது. நடந்தபடி தள்ளும் 18 அங்குல பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரம் வைத்திருக்கிறோம். வாங்கிய புதிதில் வெட்டிய புல் ஒழுங்காகப் பின்பக்கப் பைக்குள் போய் விழுந்தது. இப்போது பை பாதி நிறைவதற்குள் வாய் அடைத்துக்கொள்கிறது, வழியெல்லாம் கட்டி கட்டியாகப் புல் கொட்டுகிறது. புதுப் பை வாங்கினால் சரியாகுமா? பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிய புல்லைத் தன் மாட்டுக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: புதுப் பைக்குக் காசு போடுவதற்கு முன், இருக்கிற பையை ஒருமுறை நன்றாகத் துவைத்துப் பாருங்கள். இந்தக் கோளாறு பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

சுழலும் பிளேடு உள்ள இயந்திரத்தில் புல்லைப் பைக்குக் கொண்டுசேர்ப்பது காற்றுதான். பிளேடின் இரு முனைகளிலும் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். பிளேடு சுற்றும்போது அந்த வளைவு கீழிருந்து காற்றை இழுத்து, சாய்ந்த புல்லை நிமிர்த்துகிறது. வெட்டிய புல்லை அதே காற்று பின்வாய் வழியாகப் பைக்குள் தள்ளுகிறது. புல் பையில் தங்கிவிட, காற்று துணியின் கண்கள் வழியாக வெளியேற வேண்டும். அது வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே வரும் காற்றின் வேகம் குறைந்து, புல் வாயிலேயே தேங்கிவிடும்.

கோடைப் புழுதியும் புல்சாறும் சேர்ந்தால் துணியின் கண்கள் அடைந்துபோகும். காலிப் பையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உள்ளிருந்து பாருங்கள். துணி முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிய வேண்டும். மேல்பகுதி இருட்டாக இருந்தால் அங்கேதான் அடைப்பு. முதலில் பையைக் காய்ந்தபடியே தட்டித் தூசியை உதறுங்கள். பிறகு வெளிப்பக்கத் துணி வழியாக உட்பக்கம் நோக்கி ஹோஸால் தண்ணீர் பீய்ச்சுங்கள். கறை போகாவிட்டால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மிருதுவான பிரஷால் தேய்க்கலாம். முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத் துணியில் முதல் ஐந்து நிமிடத்திலேயே தூசி அப்பிக்கொள்ளும், துவைத்த பலன் போய்விடும்.

பை சுத்தமாக இருந்தும் அடைத்தால் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். என்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள், பெட்ரோல் குழாயை மூடுங்கள். இயந்திரத்தைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் கார்புரேட்டருக்கும் ஃபில்டருக்கும் இறங்கிவிடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை கக்கும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது.

பிளேடை மூடியிருக்கும் கூண்டின் உட்சுவரில் பழைய புல் காய்ந்து அடை தட்டியிருக்கும். ஒரு விரல் தடிமன் இருந்தாலே காற்றின் பாதை குறுகிவிடுகிறது. மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ சுரண்டுங்கள். இரும்பால் சுரண்டினால் பெயிண்ட் போய்த் துருப்பிடிக்கும், துருவின் மேல் புல் இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

அடுத்தது பிளேடு. சாணை பிடித்த பிறகு தலைகீழாக மாட்டிவிடுவது பட்டறைகளில் நடக்கிற தவறு. வளைந்த பகுதி கூண்டை நோக்கி மேலே இருக்க வேண்டும். அது கீழ்நோக்கி இருந்தால் புல் நசுங்கும், காற்று எழும்பாது. ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று சொல்லி விற்கும் தட்டையான பிளேடு வெட்டத்தான் செய்யும், ஆனால் புல்லைத் தூக்கிப் பைக்கு அனுப்பாது. உங்கள் மாடலுக்கு உரிய பிளேடையே வாங்குங்கள். தட்டைப் பகுதியும் வளைவும் சேருமிடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மணல் அரித்து அந்த இடம் மெலிந்திருந்தால் பிளேடை மாற்றிவிடுங்கள். கீறல் தெரிந்தால் அதோடு ஒரு சுற்றுக்கூட ஓட்டக் கூடாது. முனை உடைந்து பறந்தால் ஆளைக் காயப்படுத்தும்.

சாணை பிடிக்கும்போது பழைய சரிவை, அதாவது ஏறக்குறைய 30 டிகிரியை, அப்படியே வைத்து இரு முனையிலும் சம அளவு தேய்க்கச் சொல்லுங்கள். நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால், எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். எடை சமமில்லாத பிளேடு கைப்பிடி நடுங்குகிற அளவுக்கு அதிரும். நாளடைவில் என்ஜின் தண்டையும் கெடுத்துவிடும்.

ஓட்டும் விதத்திலும் இரண்டு விஷயம் இருக்கிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று த்ராட்டிலைக் குறைத்து ஓட்டாதீர்கள். என்ஜின் முழு வேகத்தில் ஓடினால்தான் பிளேடு போதுமான காற்றைத் தரும். புல் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் நீங்கள் மெதுவாக நடங்கள், அல்லது பாதி அகலம் மட்டும் வெட்டுங்கள். பை முக்கால் நிறைந்ததும் கொட்டிவிடுங்கள். பின்பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாக எழும்பி, புல் மேடுபள்ளமாக வெட்டுப்படும்.

ஈரப்புல் எந்த இயந்திரத்தையும் அடைக்கும். பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் வெட்டுங்கள். முந்தின நாள் மாலை தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். ஒரு தடவையில் புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 40 மி.மீ. உயரத்தில் வைத்திருக்கும் புல்லை 60 மி.மீ. வளர்ந்ததும் வெட்டிவிட வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது முழங்கால் வரை வளர்ந்திருந்தால், முதலில் மிக உயர்ந்த அளவில் வெட்டி, சில நாள் கழித்து இறக்குங்கள்.

ஒரு கண்டிப்பான வார்த்தை: வாய் அடைத்தால் உள்ளே கைவிடாதீர்கள். என்ஜினை நிறுத்தி, பிளேடு நின்றதைப் பார்த்து, பிளக் வயரைக் கழற்றி, அதற்குப் பிறகும் குச்சியால்தான் எடுக்க வேண்டும். பையைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் தூக்கிக் கட்டி ஓட்டுவதும் கூடாது. கல் தெறித்து நேராகக் காலில் அடிக்கும்.

மாட்டு விஷயம். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த புல்தரை என்றால் கொடுக்கவே கூடாது. மருந்து படாத புல்லாக இருந்தாலும், துண்டு துண்டாக வெட்டிக் குவித்த ஈரப்புல் சில மணி நேரத்தில் சூடேறிக் கெட ஆரம்பித்துவிடும். தரையில் கிடந்த கம்பித் துண்டு, ஆணி, பிளாஸ்டிக் எல்லாம் பையில் சேர்ந்திருக்கலாம். மாடு மென்று பிரித்துத் தின்னாது, அப்படியே விழுங்கும். கம்பி வயிற்றில் குத்தினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அவரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

மட்கவைத்தால் அது நல்ல உரம். ஒரு பங்கு புல்லுக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த இலைச்சருகு கலந்து குவியுங்கள். புல்லை மட்டும் குவித்தால் காற்றுப் புகாமல் கொழகொழவென்று ஆகி, அம்மோனியா நாற்றம் அடிக்கும். வாழை, தென்னை அடியில் மூடாக்காகப் போடுவதென்றால் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தண்டை ஒட்டியும் வேண்டாம். களைக்கொல்லி பட்ட புல்லைக் காய்கறிப் பாத்தியில் போட்டுவிடாதீர்கள். கத்தரி, தக்காளிக்கு மிச்சமிருக்கும் மருந்தே போதும், இலை சுருண்டுவிடும்.

வாரம் தவறாமல் வெட்டுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் பையில் பிடிக்க அவசியமில்லை. பொடியாக வெட்டுப்பட்ட புல் தரையிலேயே மட்கி, தழைச்சத்தில் ஒரு பகுதியை மண்ணுக்குத் திருப்பித் தரும். களை விதை கட்டியிருக்கும்போதும், புல்லில் பூஞ்சைத் திட்டு தெரியும்போதும், வெட்டிய புல் பாய் போலத் தரையை மூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டபோதும் பையை மாட்டுங்கள்.