பெரியப்பாவின் சி.ஆர். கொப்பி

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஊரில் ஆசிரியை. வயது 31. எங்களுடையது இருபத்தெட்டுக் குடும்பங்கள் உள்ள சின்ன அங்கிலிக்கன் சபை. அம்மாவின் தமக்கையுடைய கணவர், எனக்குப் பெரியப்பா, இருபது வருடத்துக்கு மேலாக அங்கே சபையாரின் வாடன், அதாவது கோயில் சொத்தையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்கிற பொறுப்பாளர். 2008 இல் போரால் இடம்பெயர்ந்தபோது திருவிருந்துக் கிண்ணத்தையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பொலித்தீனில் சுற்றி மாத்தளன் வரைக்கும், பிறகு செட்டிகுளம் முகாம் வரைக்கும் கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்தவர் அவர்தான். கோயிலுக்குக் கூரை போட லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் அனுப்பிய காசு அவருடைய சொந்தக் கணக்குக்குத்தான் வந்தது. கணக்கு ஒரு சி.ஆர். கொப்பியில், அந்தத் தடித்த மட்டைக் கொப்பியில், இருக்கிறது. அதை வேறு யாரும் பார்த்ததில்லை. புதிதாக வந்த குருவானவர், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் என்னைத் தன் வாடனாக அறிவிக்கப் போவதாகச் சொல்கிறார். “அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கோ” என்றும் சொன்னார். பெரியப்பாவோ, “பிள்ளை, அவர் நாளைக்கு மாறிப் போயிடுவார். இஞ்ச இருக்கப்போறது நாங்கள்” என்கிறார். அம்மா என்னோடு கதைப்பதையே குறைத்துவிட்டார். நான் என்ன செய்ய?
(பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள தங்கச்சி,

பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் குருவானவர் கேட்ட அந்த இரண்டாவது வேலையை, அவர் கேட்ட மாதிரி செய்யாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பெரியப்பா காசு எடுத்திருப்பார் என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. அவர் கோபிப்பாரே என்ற பயம்தான் கடிதம் முழுக்க இருக்கிறது. அதனால் நானும் அவரைக் கள்ளனாக வைத்துக் கதைக்கப் போவதில்லை.

முதலில் இந்த “குருவானவரின் ஆள்” கதை. மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: அங்கிலிக்கன் கோயிலில் வழக்கமாக வாடன்மார் இரண்டு பேர். ஒருவரைக் குருவானவர் நியமிப்பார், மற்றவரைச் சபையார் தெரிவுசெய்வார்கள். இதன் வேர் இங்கிலாந்துத் திருச்சபையின் 1603ஆம் ஆண்டுச் சட்டங்களில் இருக்கிறது. அதில் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள்: முடிந்தால் குருவும் சபையாரும் ஒருமனப்பட்டே இரண்டு பேரையும் தெரிவுசெய்ய வேண்டும். ஒத்துவராவிட்டால்தான் ஆளுக்கொருவர். அதாவது இந்தப் பங்குபிரிப்பு பிணக்கு வந்தால் செய்கிற ஏற்பாடு. நாங்கள் அதையே வழமையாக்கி, அவருடைய ஆள், எங்களுடைய ஆள் என்று இரண்டு பக்கமாக நிற்கப் பழகிவிட்டோம். யார் பெயர் சொன்னாலும் நீங்கள் முழுச் சபைக்கும் வாடன். குருவானவருக்கு உளவு பார்க்கிறவர் இல்லை. இதை அவரிடமே, மரியாதையாக, கூட்டத்துக்கு முதல் சொல்லிவிடுங்கள். நல்ல மனிதராக இருந்தால் கோபிக்கமாட்டார்.

அதே சட்டங்களில் இன்னொன்று இருக்கிறது. பதிவேட்டை வைக்க ஒரு பெட்டி வேண்டும், அதற்கு மூன்று பூட்டு. ஒரு திறப்பு குருவிடம், மற்ற இரண்டும் ஆளுக்கொன்றாக வாடன்மாரிடம். காணிக்கைப் பெட்டிக்கும் மூன்று திறப்புத்தான். மூன்று பேரும் கூடாமல் ஒருவர் தனியாகத் திறக்கவே முடியாது. நானூறு வருடத்துக்கு முந்திய ஆட்கள், ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள் போலிருக்கிறது.

இப்போது உங்கள் ஊருக்கு வாருங்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் மூன்று திறப்புக்கு மூன்று பேரை எங்கே தேடுவது? பெட்டியே இல்லை. இருந்தது ஒரு பொலித்தீன் பையும் அதைச் சுமந்த ஒரு மனிதரும்தான். தன் சாமானில் எதையோ விட்டுவிட்டுத்தான் அவர் அந்தப் பதிவேட்டைத் தூக்கியிருப்பார். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் தொலைத்துவிட்டு முகாமில் நின்றவர்களுக்குப் பழைய பதிவேட்டில் ஒரு வரி கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வரிசைகளில் நின்ற எவருக்கும் தெரியும். அப்படித்தான் மூன்று திறப்பும் ஒரே மடிக்கு வந்து சேர்ந்தன. அதில் அவருடைய பிழை ஒன்றுமில்லை. சண்டை முடிந்து இத்தனை வருடம் போன பிறகும் அவற்றைத் திருப்பி வாங்க ஒருவரும் போகவில்லையே, அதுதான் பிழை. அந்தப் பிழையில் சபையாருக்கும் பங்கு இருக்கிறது, உங்களுக்கும்தான்.

“அவர் மாறிப் போயிடுவார்” என்று பெரியப்பா சொன்னதைத் தட்டிவிடாதீர்கள். பாதி உண்மை. குருமார் மாறிப் போகிறவர்கள்தான். ஒருவர் போய் மற்றவர் வரும்வரைக்கும் கோயிலைப் பூட்டித் திறந்து பார்த்துக்கொள்கிற பொறுப்பு வாடன்மார் தலையில்தான் விழும். குருவானவர் வராத ஞாயிறுகளில் லே ரீடர், அதாவது குருப்பட்டம் பெறாமல் ஆராதனை நடத்த அனுமதி பெற்றவர், காலை ஆராதனை நடத்தலாம், ஆனால் திருவிருந்து கொடுக்க முடியாது. மற்றபடி சபை தன்பாட்டில் ஓடும். 1880களில் அரசாங்கம் அங்கிலிக்கன் திருச்சபைக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்திய காலத்திலிருந்தே சபையாரின் கையில்லாமல் இது நடந்ததில்லை. இன்றைக்கு ஆயரைத் தெரிவுசெய்கிற மன்றத்தில்கூட குருமாரோடு சபைப் பிரதிநிதிகளும் வாக்குப் போடுகிறார்கள். ஆனால் பெரியப்பா சொல்லாமல் விட்ட மற்றப் பாதி ஒன்று உண்டு. “இஞ்ச இருக்கப்போறது நாங்கள்” என்றாரே, அவரும் ஒரு நாள் இருக்கமாட்டார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் அப்பா எங்கள் ஊர்ச் சபையில் பொருளாளராக இருந்தார். சபைக் காசை ஒரு பால்மா ரின்னில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பார். வீட்டுச் செலவுக்காசு பக்கத்தில் இன்னொரு ரின்னில். இரண்டும் ஒரே நிறம். எது எது என்று அவருக்குத் தெரியும், வேறு எவருக்கும் தெரியாது. கணக்கை மனதிலும், கொஞ்சம் கலண்டர்த் தாளின் பின்பக்கத்திலும் வைத்திருந்தார். மாரடைப்பில் ஒரே இரவில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் முடிந்து இரண்டு பேர் வந்து, மிகவும் பணிவாகத்தான், கேட்டார்கள். அம்மா இரண்டு ரின்னையும் மேசையில் கொட்டி எண்ணினார். அவர்கள் எதிர்பார்த்த தொகை வரவில்லை. அப்பா எடுத்தாரா, கோயிலுக்கே செலவழித்து எழுதாமல் விட்டாரா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அம்மா தன் சங்கிலியை விற்றுக் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கோயிலில் முன் வாங்கில் அவர் இருந்ததில்லை.

அதனால் கணக்குப் பார்ப்பது பெரியப்பாவுக்கு எதிரான வேலை என்று நினைக்காதீர்கள். உங்கள் பெரியம்மாவையும் மச்சான்மாரையும் நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? கூட்டத்துக்கு முதலே பெரியப்பா வீட்டுக்குப் போங்கள். நியமனத்தைப் பற்றி அவர் உங்கள் வாயால்தான் கேள்விப்பட வேண்டும், கூட்டத்தில் இல்லை. அன்றைக்குக் கணக்கு என்ற சொல்லே வேண்டாம். அடுத்த தடவை போகும்போது, கூரைக் கணக்கை வடிவாக ஒரு புதுக் கொப்பியில் எழுதி, வெளிநாட்டில் காசு தந்தவர்களுக்கு அவர் கையெழுத்தோடேயே ஒரு பிரதி அனுப்புவோமா என்று கேளுங்கள். அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அந்தப் பழைய கொப்பியில் என்ன இருக்கும் என்று நானே ஊகிக்கிறேன்: சீமெந்து இத்தனை பை, மணல் ஒரு லோட், மேசன் நாட்கூலி, கையாள் கூலி, தேத்தண்ணி, பணிஸ். சீமெந்துக்குப் பற்றுச்சீட்டு இருக்கும். மணலுக்கும் மேசனுக்கும் இருக்காது. வன்னியில் எந்த மேசன் பற்றுச்சீட்டு எழுதித் தருகிறார்? அதற்காக அந்தக் காசு களவு போனதென்று ஆகாது. மேசன் ஊரில்தானே இருக்கிறார், இத்தனை நாள் வேலை செய்து இவ்வளவு வாங்கினேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஞாபகமில்லாத செலவை “விபரம் இல்லை” என்றே எழுதுங்கள். பொய்யாக ஒரு பற்றுச்சீட்டுத் தயாரித்து அந்த ஓட்டையை அடைக்க மட்டும் போகாதீர்கள். அடைத்தீர்களென்றால் அப்புறம் அது உங்கள் ஓட்டை.

இனி வருகிற காசு தனியாள் கணக்குக்கு வரக்கூடாது. கோயில் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. அதில் ஒரு கையெழுத்துப் பெரியப்பாவுடையதாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை ஆராதனை முடிந்த கையோடு கோயிலிலேயே இரண்டு பேர் எண்ணி எழுத வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணுவது வேண்டாம். காலபோக அறுவடை முடிந்து நடக்கிற விளைச்சல் பண்டிகை ஏலத்தில் இன்னும் கவனம் தேவை. சிரிப்பும் கும்மாளமுமாக ஒரு பூசணிக்காய் மூவாயிரத்துக்குப் போகும். எடுத்தவர் பூசணிக்காயைக் கொண்டுபோய்விடுவார், காசு அடுத்த கிழமை தருவார், அல்லது தரமாட்டார். ஏலம் கூறும்போதே பக்கத்தில் ஒருவர் கொப்பியோடு நிற்க வேண்டும். நீங்கள் ஆசிரியை, உங்களிடம் படிக்கிற ஒரு பிள்ளையை நிறுத்துங்கள், பிள்ளைகள் ஒன்றையும் விடமாட்டார்கள்.

இந்த ஒழுங்குகளைக் கூட்டத்தில் முன்வைக்க வேண்டியவர் குருவானவர். அவர் பேசாமல் இருந்துகொண்டு உங்களைப் பேச விட்டால் நீங்களும் பேசாமல் இருங்கள். பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு வாடன் வேலை என்று யாராவது கேட்டால், உங்கள் திருச்சபையில் பெண்களைக் குருவாகவே அபிஷேகம் பண்ணுகிறார்கள் என்பதை ஞாபகப்படுத்துங்கள். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

பெரியப்பா கொப்பியைக் காட்டவே மறுத்தால்? ஓரிரு மாதம் பொறுங்கள். லண்டன் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். அங்கே போனால் விடிவதற்குள் ரொறன்ரோ வரைக்கும் போய்விடும். குருவானவரிடம் சொல்லுங்கள், அவர் மூலம் ஆர்ச்டீக்கனிடம், அதாவது ஆயரின் கீழ் கோயில்களை மேற்பார்க்கிற மூத்த குருவிடம், போகட்டும். கோயில்களுக்கு வந்து கட்டடத்தையும் நிர்வாகத்தையும் பார்ப்பதும் வாடன்மாரின் முறைப்பாட்டைக் கேட்பதும் அந்தப் பதவியின் பழைய வேலை. ஊரில் சிலர் யாழ்ப்பாணத்துத் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயரிடம் போகச் சொல்லக்கூடும். அது வேறு வீடு. அமெரிக்க மிஷன் வழி வந்தவர்கள்தான் 1947 இல் அந்தத் திருச்சபையில் சேர்ந்தார்கள். சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து அங்கிலிக்கன் மிஷன் வழி வந்த நீங்கள் அன்றும் இன்றும் கொழும்பு ஆயரின் கீழ்தான்.

கடைசியாக அம்மா. அவருக்கும் தமக்கைக்கும் இடையில் நீங்கள் ஒரு சுவர் எழுப்பப் போகிறீர்கள் என்று பயப்படுகிறார். அந்த முதல் பயணத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரியம்மாவும் அவரும் குசினியில் இருந்து கதைக்கட்டும். நீங்கள் பெரியப்பாவோடு விறாந்தையில் இருந்து, முகாமில் மழை பெய்த இரவுகளில் அந்தப் பதிவேட்டை நனையாமல் எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்கிறதை எழுதியும் வையுங்கள். அதையும் இன்னும் ஒருவரும் எழுதவில்லை.