ஆய்வகத்துச் சாறும் டம்ளர் சாறும் ஒன்றா?

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு சுற்று கீமோ முடிந்திருக்கிறது. ஒரு மூலிகை இலையின் சாறு ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களையும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களையும் அழித்ததாகச் செய்தியில் படித்தேன். ஆய்வுக் கட்டுரையையும் தேடி எடுத்துவிட்டேன், ஆனால் அதை எப்படிப் படிப்பது என்று புரியவில்லை. அந்த இலையை அரைத்துச் சாறாகக் கொடுக்கலாமா? கீமோ நடக்கும்போது கொடுத்தால் கெடுதல் உண்டா?

பதில்: கீமோ நடக்கும் வரை கொடுக்காதீர்கள். செய்தி பொய் என்பதற்காகச் சொல்லவில்லை. இப்படி வரும் செய்திகளில் பல உண்மைதான். சிக்கல் ‘சாறு’ என்ற சொல்லில் இருக்கிறது.

வீட்டில் சாறு என்றால் இலையை அரைத்துப் பிழிந்தது. ஆய்வகத்துச் சாறு வேறு. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலிலோ எத்தில் அசிடேட்டிலோ இரண்டு மூன்று நாள் ஊறவைப்போம். பிறகு வடிகட்டி, வெற்றிடத்தில் சுழலவிட்டுக் கரைப்பானை ஆவியாக்குவோம். கடைசியில் குடுவையின் அடியில் கரும்பச்சையாய்த் தார் மாதிரி ஒன்று மிஞ்சும். சுரண்டினால் கரண்டியை விட்டு வராது. 100 கிராம் பொடியில் 10 கிராம் தேறினால் அன்றைக்கு எங்களுக்குச் சந்தோஷம். அது தண்ணீரில் லேசில் கரையாது, டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற திரவத்தில் கரைத்துத்தான் செல்களின் மேல் விடுவோம். செய்தியில் இதற்கும் பெயர் சாறு, உங்கள் டம்ளரில் இருப்பதற்கும் பெயர் சாறு.

எடுக்கும் முறை மாறினால் சரக்கே மாறிவிடும். மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினின் இதற்கு நல்ல சாட்சி. சூடாக்கி எடுத்தபோது செடி சரியாக வேலை செய்யவில்லை. 1971இல் சீன விஞ்ஞானி டு யூயூ, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு எடுத்த பிறகே பலன் தெரிந்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே உங்கள் கட்டுரையில் முதலில் தேட வேண்டியது, எந்தக் கரைப்பான் என்பதை.

அப்புறம் அளவு. ஐசி50 என்று ஓர் எண் இருக்கும். பாதிச் செல்களை அடக்க ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் தேவைப்பட்டது என்பதை அது சொல்லும். எண் சிறியதாக இருக்க இருக்க சரக்கு வீரியமானது. சுத்திகரிக்காத சாறு என்றால் 20, 30 மைக்ரோகிராமுக்குள் வந்தால்தான் மேற்கொண்டு ஆராயத் தகுந்தது என்பது இந்தத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். நான் பார்க்கும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் 200, 500 என்று போகும், ஆனால் முடிவுரையில் ‘சிறந்த புற்றுநோய் எதிர்ப்புத் திறன்’ என்று முடித்திருப்பார்கள்.

500 என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். அதில் அந்தச் செறிவு வர, இரண்டரை கிராம் தார் ஒரே நேரத்தில் ரத்தத்தில் மிதக்க வேண்டும். குடலில் வீணாகாமல், ஈரலில் உடையாமல், சிறுநீரில் போகாமல். நடக்கிற காரியமா? மஞ்சளிலுள்ள குர்குமினைப் பாருங்கள். ஆய்வகத்தில் அது அடக்காத புற்றுநோய் செல் வகை அபூர்வம். ஆனால் ஓர் ஆய்வில் தினம் 8 கிராம் சுத்தக் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் சராசரி உச்ச அளவு ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைக்கூட எட்டவில்லை.

செல்கள் செத்தன என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதும் முக்கியம். 96 குழிகள் கொண்ட, உள்ளங்கை அகலத் தட்டு. குழிக்குச் சில ஆயிரம் செல்கள். எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விடுவோம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதா நிறமாக்கும், செத்தது மஞ்சளாகவே விட்டுவிடும். கருவி ஊதாவை அளந்து சதவீதம் தரும். கேட்க எளிதாக இருந்தாலும், ஏமாறவும் இடம் உண்டு. மூலிகைச் சாற்றிலுள்ள சில பொருட்கள் செல்லே இல்லாமல் அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். சாற்றின் பச்சை நிறமும் அளவீட்டில் குறுக்கிடும்.

நானே ஏமாந்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கு வந்த முதல் வருடம், ஒரு தட்டு முழுக்க மஞ்சளாகவே நின்றது. மருந்தையே கண்டுபிடித்துவிட்ட நினைப்பில் வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “கரைப்பானை மட்டும் விட்ட குழி எங்கேப்பா?” அப்படி ஒரு குழியே நான் வைக்கவில்லை. மறுநாள் வைத்தேன். செல்களைக் கொன்றது கரைப்பான், அதாவது சாற்றைக் கரைத்த அந்த டைமெத்தில் சல்ஃபாக்சைடு. அரை சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டியதை இரண்டு சதவீதம் விட்டிருக்கிறேன். உங்கள் கட்டுரையில் கரைப்பானை மட்டும் விட்ட ஒப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரோக்கியமான செல்களின் மேலும் சோதித்தார்களா என்றும் பாருங்கள். புற்றுநோய் செல்லைக் கொல்லும் அதே அளவு நல்ல செல்லையும் கொன்றால், அதற்கு விஷம் என்றுதான் பெயர்.

“செடியிலிருந்துதானே கீமோ மருந்தே வருகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் வந்தன. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்சல் மார்பகப் புற்றுநோய்க்கே கொடுக்கப்படுகிறது, உங்கள் அம்மாவின் மருந்துச் சீட்டில்கூட அந்தப் பெயர் இருக்கலாம். அந்தப் பட்டையைச் சேகரித்தது 1962இல், அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். நடுவில் 30 வருடம்.

நித்தியகல்யாணியின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் தேடியது சர்க்கரை நோய்க்கு மருந்து. சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஊசியில் ஏற்றியபோது வெள்ளையணுக்கள் சரிந்து, எலிகள் பாக்டீரியாத் தொற்றில் செத்தன. அந்தச் சரிவைப் பார்த்துத்தான், வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய் பக்கம் யோசனை போனது. இன்று வின்கிரிஸ்டினை ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. அதற்கு மேல் போனால் நரம்பு கெடும். ஒரு கைப்பிடி இலையில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? மண், பருவம், இலையின் வயது எல்லாவற்றுக்கும் அது மாறும்.

பாக்டீரியா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுரையில் வட்டத் தட்டுப் படம் இருக்கும்: பாக்டீரியா படர்ந்த பரப்பில் சாறு நனைத்த சிறு வில்லை, அதைச் சுற்றித் தெளிவான வளையம். வளையம் பெரிதாக இருந்தால் மருந்து பலமானது என்று தோன்றும். உண்மையில் சாறு அந்த ஜெல்லியில் எவ்வளவு பரவியது என்பதும் அதில் கலந்திருக்கிறது. நம்ப வேண்டியது எம்ஐசி என்ற எண், அதாவது வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்பட்ட குறைந்தபட்ச அளவு. மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கவனிக்கலாம். 1000த்தைத் தாண்டினால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

அதைவிட முக்கியம், கீமோவில் உங்கள் அம்மாவுக்கும் வெள்ளையணுக்கள் குறையும். தோட்டத்து இலையில் மண் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒட்டியிருக்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது. கிருமியைக் கொல்லும் என்று நினைத்துக் கொடுக்கிற பச்சைச் சாறே கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். கொதிக்கவைத்தாலோ தூளாக வாங்கினாலோ சரியாகிவிடுமா என்றால், இல்லை. ஈரல் இருக்கிறதே. பல கீமோ மருந்துகளை உடைக்கும் அதே ஈரல் நொதிகளை மூலிகைகள் முடுக்கவோ முடக்கவோ செய்யும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை இரினோடெகன் என்ற கீமோ மருந்தோடு எடுத்தவர்களிடம், ரத்தத்தில் வேலை செய்யும் மருந்தின் அளவு 42 சதவீதம் குறைந்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. நொதி முடங்கினால் இதற்கு நேர்மாறாக மருந்து தேங்கி நஞ்சாகும். ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் தனியாகவே சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குவது.

ஏற்கெனவே ஒன்றிரண்டு நாள் கொடுத்திருந்தால் பதற வேண்டாம், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். “இயற்கை மருந்து கொஞ்சம் கொடுத்தோம்” என்று பொதுவாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. செடியின் பெயர், எந்தப் பாகம், எப்படித் தயாரித்தது, எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு போங்கள். தூள் வாங்கியிருந்தால் பொட்டலத்தையே எடுத்துப் போங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். அடுத்த சுற்றுக்கு முன் ஈரல், சிறுநீரக அளவுகளைப் பார்க்கும்போது இந்தத் தகவல் அவருக்குத் தேவைப்படும். கீமோ முடிந்து ஏதாவது எடுத்துக்கொள்ள அம்மா விரும்பினாலும் மருத்துவரிடமே கேளுங்கள். கீமோவுக்குப் பிறகும் சில புற்றுநோய் மருந்துகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடத் தொடரும்.

இந்தச் சில மாதங்களுக்கு வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், எந்த இலையையும் தேடாமல் ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கீமோ நடக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.