ஸ்மார்ட் ஹோம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஸ்மார்ட் பிளக் இரண்டு வாங்கினேன். ஆப்பில் வைஃபை பாஸ்வேர்டைச் சரியாகத்தான் கொடுக்கிறேன். பாதி வரை ஓடி, 'இணைக்க முடியவில்லை' என்று நின்றுவிடுகிறது. பிளக்கில் கோளாறா?
– வாசகர், மதுரை

பதில்: திருப்பிக் கொடுப்பதற்கு முன் ரவுட்டரைப் பாருங்கள். இந்த விலையில் வரும் பிளக், பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். இப்போதைய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்புகின்றன. போன் 5-இல் இருக்கும்போது பல பிளக்குகள் இணையாமல் போய்விடும். ரவுட்டர் செட்டிங்கில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். முடியாவிட்டால் இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வைத்துவிட்டு, பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை 'டபிள்யூ.பி.ஏ.3 மட்டும்' என்று இருந்தாலும் பழைய சிப் உள்ள பிளக் சேராது. டபிள்யூ.பி.ஏ. 2-ம் 3-ம் கலந்த முறையை வையுங்கள். போனில் ஆப்புக்கு லொக்கேஷன் அனுமதி, ஐபோன் என்றால் லோக்கல் நெட்வொர்க் அனுமதியும் தந்திருக்க வேண்டும். எல்லாம் சரிசெய்த பின் பிளக் பட்டனை 5 விநாடிபோல அழுத்திப் பிடியுங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்ட ஆரம்பித்ததும் மறுபடி இணையுங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய வீடு. சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ஸ்மார்ட் மாட்யூல் வாங்கி வந்தேன். போர்டில் நியூட்ரல் இல்லை, போட முடியாது என்கிறார் எலக்ட்ரீஷியன். வேறு வழி உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவர் சொல்வது நியாயம். மாட்யூலுக்குள் இருக்கும் வைஃபை சிப்புக்கு 24 மணி நேரமும் கரண்ட் வேண்டும். அதற்குப் பேஸ், நியூட்ரல் இரண்டும் தேவை. பழைய வீடுகளில் சுவிட்சுக்குப் பேஸ் மட்டும் இறங்கும். நியூட்ரல் மேலே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து நேராக லைட்டுக்குப் போய்விடும்.

முதலில் அந்த போர்டில் பிளக் பாயின்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே நியூட்ரல் வந்தே ஆக வேண்டும். ஆனால் அது அந்த லைட் இருக்கும் அதே சர்க்கியூட்டின் நியூட்ரல்தானா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு ஆர்.சி.சி.பி.யின் (கரண்ட் கசிந்தால் அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) பேஸோடு இன்னொன்றின் நியூட்ரலைச் சேர்த்தால், லைட் போட்டதும் டிரிப் ஆகும். நியூட்ரல் இல்லை என்பதற்காக எர்த்தில் இணைக்கவே கூடாது. எர்த் வயர் எங்காவது விட்டுப்போயிருந்தால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பில் ஷாக் அடிக்கும். இதில் சமரசமே வேண்டாம்.

பிளக் பாயின்ட்டும் இல்லையென்றால் 'நியூட்ரல் தேவையில்லாத' மாட்யூல் கிடைக்கிறது. அது லைட் வழியாகவே மிகச் சிறிய கரண்டை எடுத்துக்கொள்ளும். 5 வாட்ஸ் எல்.இ.டி.யில் அதனால் அணைத்த பிறகும் மங்கலாக எரியும், இல்லை சிமிட்டும். கூடவே வரும் பைபாஸ் கெபாசிட்டரை ஹோல்டரில் லைட்டுக்குக் குறுக்கே இணைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மாட்யூல் எரிந்துபோக முக்கியக் காரணம் ஒன்று உண்டு. நம் போர்டுகளில் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்குச் சின்ன வயரால் பேஸை லூப் செய்திருப்பார்கள். பல மாட்யூல்களில் 'எஸ்' என்று குறித்த முனைகள் வெறும் சிக்னலுக்கானவை. 230 வோல்ட் தாங்காது. லூப்பை அந்த சுவிட்சிலிருந்து கழற்றி, அடுத்த சுவிட்சுக்குப் பேஸ் அறுபடாமல் நேராகக் கொடுத்த பிறகே 'எஸ்' முனைகளை மாட்ட வேண்டும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். சுவருக்குள் இருப்பது இரும்புப் பெட்டி என்றால் சிக்னல் குறையும். ஆன்டெனா வயரை முன்பக்கம், பிளாஸ்டிக் தட்டை ஒட்டி விடுங்கள்.

கேள்வி: கெய்சர், 1 எச்.பி. தண்ணீர் மோட்டார் இரண்டையும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் ஓட்டலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கெய்சரை ஓட்டலாம். 2000 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர்தான். சாக்கெட் தளர்வாக இருந்தால் மட்டும் பிளக்கின் கால் சூடேறி உருகும். புது சாக்கெட் போட்டுவிடுங்கள். 15 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 55-க்கு வர 14 நிமிடம்போல ஆகும். 20 நிமிடத்தில் தானாக அணையும்படி டைமர் வைத்தால் போதும்.

மோட்டார் வேண்டாம். பிளக்கில் எழுதியிருக்கும் 16 ஆம்பியர் ஹீட்டர் போன்ற லோடுக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓட்டக் கரண்டைப்போல 5, 6 மடங்கு இழுக்கும். உள்ளே ரிலேயின் (கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் சின்ன மின்சுவிட்ச்) காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி வழிந்தாலாவது தெரியும். சம்ப் வற்றி, தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரே போய்விடும். ஸ்மார்ட் மாட்யூல் ஒரு காண்டாக்டரின் (மோட்டாரின் பெரிய கரண்டைத் தாங்கும் மின்சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரின் கரண்ட் காண்டாக்டர் வழியாகப் போகட்டும். அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் அவசியம். பச்சை, சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டர் பெட்டி இருந்தால், 'இன்ச்சிங்' வசதியுள்ள மாட்யூலைப் பச்சைப் பட்டனுக்கு இணையாக (பேரலலாக) இணைத்து ஒரு விநாடி மட்டும் இயங்கச் செய்வார்கள். நிறுத்த, சிவப்புப் பட்டனோடு தொடராக (சீரிஸில்) இன்னொன்று.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகன் இசட்-வேவ் சென்சார்கள் அனுப்பியிருக்கிறான். இங்கே வாங்கிய ஹப்பில் (சென்சார்களை இணைக்கும் மையப் பெட்டி) சேரவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சேராது. ஸ்மார்ட் சாதனங்கள் வைஃபை இல்லாமல் பேசிக்கொள்ளும் முறையான இசட்-வேவின் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865.2. அங்குள்ள அலைவரிசை இங்கே செல்போனுக்கு ஒதுக்கப்பட்டது, ஆகவே பயன்படுத்தவும் கூடாது. அடுத்த முறை, இதுபோன்ற இன்னொரு முறையான ஜிக்பீ சென்சார்களை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜிக்பீ சென்சார்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் நடுராத்திரியில் ஸ்மார்ட் பல்பு தானாக எரிகிறது.
– வாசகர், சேலம்

பதில்: சுவர் சுவிட்சில் போட்டால் சாதாரண பல்பு மாதிரி எரிய வேண்டும் என்பதற்காகக் கம்பெனியே அப்படி வைத்து அனுப்புகிறது. ஆப்பில் பல்பின் செட்டிங்கில் 'பவர் ஆன்' நிலை என்று இருக்கும். அதைக் 'கடைசி நிலை' என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பல்பு என்றால், சாதாரண எல்.இ.டி. பல்பு போட்டு சுவிட்சுக்குப் பின்னால் மாட்யூல் வைப்பதே நல்லது. மாட்யூலிலும் இதே செட்டிங்கை 'ஆஃப்' என்று வைத்துவிடுங்கள்.