டிசி வாங்கியாச்சு, இனி காதலிக்கலாமா? (கேள்வி பதில்)

வணிகவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது கோவை, ஈரோடு பக்கம் சில கல்லூரிகளில், பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர். பழைய மாணவிகளை, மாணவர்களைக் காதலிக்கும் ஆசிரியர்கள் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததற்குப் பதில் தருகிறேன். விஷயம் ஏற்கெனவே போலீஸ், கோர்ட் வரை போயிருந்தால் வக்கீலைப் பாருங்கள். ஊர் பெயர் மட்டும் போதும், ஆள் பெயர் வேண்டாம்.

பெருந்துறை: ஏனுங்க மேடம், நான் இன்ஜினியரிங் காலேஜில் உதவிப் பேராசிரியர், வயசு 31. என்கிட்ட படிச்ச பொண்ணு, முடிச்சு எட்டு மாசம் ஆச்சு. கோயமுத்தூர்ல ஐடி வேலை. ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்குது. சட்டப்படி தப்புங்களா?

இரண்டு பேரும் பதினெட்டு வயது முடிந்தவர்கள், இரண்டு பேருக்கும் மனசார விருப்பம் என்றால் சட்டப்படி தப்பில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறை பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வந்தது. ஆசிரியர் காதலிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் மதிப்பெண், வேலை, சலுகை எதையாவது காட்டி ஆசை வார்த்தை சொன்னாலோ, மறைமுகமாகப் பயமுறுத்தினாலோ அது துன்புறுத்தல் என்று தெளிவாக இருக்கிறது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 68-வது பிரிவு, அதிகாரத்தில் இருப்பவர் அதைப் பயன்படுத்தி ஒரு பெண்ணை உடலுறவுக்கு இணங்க வைப்பதையே குற்றம் என்கிறது. ஐந்து முதல் பத்து வருடம் சிறை.

சட்டத்தை விடுங்கள், நான் கேட்பது வேறு. உங்கள் கையில் அந்தப் பெண்ணுடையது இன்னும் என்ன இருக்கிறது? எட்டு மாதம் ஆச்சு என்கிறீர்கள். அரியர் இருக்கிறதா? இருந்தால் அவர் முன்னாள் மாணவி இல்லை. மேற்படிப்புக்குப் போகச் சிபாரிசுக் கடிதம் உங்களிடம்தான் வாங்க வேண்டுமா? தங்கச்சி அதே கல்லூரியில் படிக்கிறாளா? நம் பக்கத்தில் அக்கா போன காலேஜ் பஸ்ஸிலேயே தங்கச்சியையும் ஏற்றிவிடுவார்கள், அதனால்தான் கேட்கிறேன். அண்ணா பல்கலையின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40 மதிப்பெண். அந்த நாற்பது உங்கள் பேனா முனையில் இருக்கும்போது அக்கா உங்களிடம் எப்படி முகம் சுளிப்பாள்?

அப்புறம் இதையும் யோசியுங்கள். படிப்பு முடிந்த தேதி சொன்னீர்கள், பேச்சு ஆரம்பித்த தேதி சொல்லவில்லை. ஃபைனல் இயரில் ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிந்த ராத்திரி பதினொன்றரைக்கு "சாப்டாச்சா?" என்று மெசேஜ் போயிருந்தால், நீங்கள் காதலித்தது உங்கள் மாணவியைத்தான். டிசி வாங்கும் வரை காத்திருந்தீர்கள், அவ்வளவுதான். பழைய மெசேஜ்களை உட்கார்ந்து படியுங்கள். அழிக்காதீர்கள்.

சத்தியமங்கலம்: எத்தனை வருஷம் இடைவெளி விட்டா சரிங்க?

இந்தியாவில் அப்படி ஒரு விதி எழுதி வைக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் சங்க நெறிமுறையில், சிகிச்சை பெற்றவரோடு குறைந்தது இரண்டு வருடம் எந்தப் பாலியல் உறவும் கூடாது, அதற்குப் பிறகும் மிக அபூர்வமான நிலையில்தான் என்று இருக்கிறது. ஆசிரியர்களுக்கு அதே நெறிமுறை வருடக் கணக்கே சொல்வதில்லை. தன் துறையில் படிப்பவரோடும், தான் மதிப்பிடுகிறவரோடும், இனி மதிப்பிட வாய்ப்புள்ளவரோடும் கூடாது என்கிறது. யேல் 2010-லும், ஹார்வர்டின் கலை அறிவியல் புலம் 2015-லும் இளநிலை மாணவர்களோடு ஆசிரியர் உறவு வைப்பதைத் தடை செய்தன. ஆக்ஸ்போர்டு 2023-ல் தன் பொறுப்பில் உள்ள மாணவரோடு என்று தடை போட்டது. எல்லாம் இப்போது படிப்பவர்களைப் பற்றியவை.

என் கணக்கு இது: அவள் படித்தபோது ஜூனியராக இருந்த கடைசி பேட்ச்சும் வெளியே போகட்டும். இன்ஜினியரிங் என்றால் மூன்று வருடம், ஆர்ட்ஸ் என்றால் இரண்டு. அந்த ஜூனியர் பிள்ளைகள்தான் இதைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள்: சார் சிரித்துப் பேசினால் என்ன அர்த்தம், பேசாவிட்டால் இன்டர்னல் என்ன ஆகும்.

பவானி: ஒரு வருஷம் போதுமுங்களா?

மேலே படியுங்கள்.

ராசிபுரம்: என் நண்பன் ஹாஸ்டல் ஸ்கூல்ல வாத்தியார். பிளஸ் டூ பொண்ணு. போன மாசம் 18 முடிஞ்சிருச்சு. இனிப் பிரச்சனை இல்லைதானுங்க?

பிரச்சனை இருக்கிறது. பதினெட்டுக்கு முன்னால் ஏதாவது நடந்திருந்தால் அது போக்சோ. கல்வி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் செய்தால் அதிலேயே கடுமையான பிரிவு. சம்மதம் என்ற பேச்சே அங்கே எடுபடாது. கல்லூரியிலும் முதல் வருடப் பிள்ளைகள் பலருக்குப் பதினேழுதான் நடக்கிறது. நண்பனுக்கு நீங்கள் ஆலோசனை சொல்லாதீர்கள்.

தாராபுரம்: மாதா பிதா குரு தெய்வம் என்ற மண்ணில் இதைப் பற்றிப் பேசுவதே பாவம். குரு தகப்பனுக்குச் சமம்.

தகப்பனுக்குச் சமம் என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பிள்ளையால் "வேண்டாம் சார்" என்று வாயைத் திறக்க முடியவில்லை. புகார் வந்த அன்றைக்கும் "குருவைப் பற்றிப் பேசாதே" என்று பிள்ளையைத்தான் அடக்குகிறார்கள்.

கோபி: மேடம், உங்க மூணு வருஷக் கணக்கு எங்கப்பாவையே குத்தவாளி ஆக்குதுங்க. அப்பா காலேஜ் லெக்சரர், அம்மா அவர்கிட்ட பி.எஸ்சி. படிச்சவங்க. ரிசல்ட் வந்த ஆறாவது மாசம் அப்பா வீட்டுல இருந்து முறைப்படி பெரியவங்க போய்ப் பொண்ணு கேட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு சண்டை கிடையாது. இதுல என்ன ஒழுக்கக் கேடு?

அப்பாவைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, தம்பி. பெரியவர்களை அனுப்பிக் கேட்டார் என்பது அவர் பக்கம் நல்ல புள்ளி. அந்த வீட்டுக்கு "ஜாதகம் பொருந்தலைங்க" என்று முகம் முறியாமல் மறுக்க ஒரு வழி இருந்தது. ஆனால் நன்றாக அமைந்த கல்யாணங்கள்தான் வெளியே தெரியும். அமையாதவை என்னிடம் வரும் ஃபைலில் இருக்கின்றன. ஒன்றை வைத்து இன்னொன்றை நியாயப்படுத்த முடியாது.

கரூர்: கோபி அண்ணனுக்கு ஒண்ணு சொல்லலாமுங்களா? எங்க வகுப்புல ஒருத்தி சாரைக் கட்டிக்கிட்டா. அவ யுனிவர்சிட்டி ரேங்க். நிஜமாவே ராத்திரி பகலாப் படிச்சவ, நான் அவ ரூம்மேட். ஆனா கல்யாணப் பத்திரிகை வந்த அன்னைக்கு வகுப்பு குரூப்புல ஒருத்தன் அவ மார்க் ஷீட் படத்தைப் போட்டுச் சிரிக்கிற பொம்மை வச்சான். இன்னைக்கு வரைக்கும் அந்த ரேங்க்கை யாரும் நம்பலைங்க.

இதற்கு மேல் நான் என்ன எழுத! சார் பொறுத்திருக்காமல் அவசரப்பட்டதில் போனது அவருடைய பெயர் இல்லை, அவள் ராத்திரி கண்விழித்து வாங்கிய ரேங்க்.

கோபி: ஊர் வாய்க்குப் பயந்தா யாரும் காதலிக்கவே முடியாதுங்களே. பொண்ணு மார்க்கைச் சந்தேகப்படறவன்தான் தப்பு. அதுக்கு ஏன் வாத்தியாரைப் பிடிக்கறீங்க?

சந்தேகப்படுகிறவன் தப்புதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பண்ண முடிந்த ஒரே ஆள் ஆசிரியர். அந்த வருடம் அவள் விடைத்தாள் தன்னிடம் வராமல் பார்த்துக்கொள்ளலாம், ப்ராஜெக்ட்டை வேறு ஆளுக்கு மாற்றிவிடலாம். செய்யவில்லையே? கண்ணு, ஒன்று செய்யுங்கள். "அப்பா கேட்டப்போ வேண்டாம்னு சொல்லத் தோணியிருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

சேலம்: முதுகலையில் என் மாணவி. நெட் பாஸ் பண்ணிவிட்டார். என்னிடமே பிஎச்டி சேர விரும்புகிறார். நாங்கள் காதலிக்கிறோம். இருவருக்கும் சம்மதம்.

சேரக் கூடாது. பதிவு செய்த அன்றே அவர் மறுபடி உங்கள் மாணவி. மானியக் குழுவின் 2022 பிஎச்டி ஒழுங்குமுறைப்படி குறைந்தது மூன்று வருடம், நீண்டால் ஆறு வருடமோ அதற்கு மேலுமோ. அத்தனை காலமும் முன்னேற்ற அறிக்கையில் உங்கள் கையெழுத்து, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க உங்கள் கையெழுத்து. நடுவில் பிரிந்தால் அவர் முனைவர் பட்டம் என்ன ஆகும்? உங்களுக்கு ஒரு ஸ்காலர் குறைவார், அவருக்கு வாழ்க்கையில் நான்கு வருடம் போகும். வேறு வழிகாட்டி, முடிந்தால் வேறு பல்கலைக்கழகம். ஆய்வுக் குழுவிலும், வாய்மொழித் தேர்விலும் உட்காராதீர்கள். இருவரும் சேர்ந்து கட்டுரை போடுவதையும் நிறுத்துங்கள்.

திருச்செங்கோடு: மேடம், படிக்கும்போதே ஒரு சார் தொந்தரவு. அப்போ வாயைத் திறக்கலை. படிச்சு முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, ஆனா இப்பவும் போன் பண்ணி "உன் கான்வொகேஷன் சர்டிபிகேட் என் கையிலதான் இருக்கு, நேர்ல வா"ங்கறார். நான் இப்போ மாணவி இல்லையே, புகார் குடுக்க முடியுமா?

அம்மிணி, முடியும். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்தால் கடைசி போன்காலில் இருந்துதான் கணக்கு. அதற்கும் தாமதமானால் காரணம் எழுதிக் கேளுங்கள், இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. குழுவுக்கு மூத்த பெண் ஆசிரியர் தலைமை, பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். துறைத் தலைவர், டீன், பதிவாளர் போன்றவர்கள் அதில் உட்காரவே கூடாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். "முன்னாள் மாணவி, எங்கள் எல்லையில் வராது" என்று தட்டிக்கழித்தால் அதையே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்த போன், அந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். படம் பிடித்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தனியாக அவரைப் பார்க்கப் போகாதீர்கள். சான்றிதழ் கல்லூரி அலுவலகம் தர வேண்டியது. முதல்வருக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 181.

பல்லடம்: ஆறு மாசம் போதுமா?

மேலே.

மேட்டுப்பாளையம்: நான் ஆசிரியை, 29 வயசு. என்னிடம் படித்தவர் என்னைவிட நாலு வயசு சின்னவர். ஆண் ஆசிரியர்களுக்குச் சொன்னது எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். ஊர் பேச்சு உங்களுக்கு இரண்டு பங்கு விழும் என்பது அநியாயம்தான், ஆனாலும் அதனால் விதி மாறாது. மானியக் குழு ஒழுங்குமுறை ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்று ஒப்புக்கொள்கிறது.

பொள்ளாச்சி: வெளிநாட்டு யுனிவர்சிட்டிகளில் உறவு இருந்தால் நிர்வாகத்திடம் அறிவித்துவிட வேண்டும் என்கிறார்கள். இங்கே பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டால் நேர்மையாக இருக்குமே?

நல்ல கேள்வி. அங்கே அறிவிப்பு ஃபைலில் போய்ப் படுத்துக்கொள்ளும். இங்கே மதியம் பிரின்சிபால் அறையில் சொன்னால், விளக்கு வைப்பதற்குள் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போய்விடும். கரஸ்பாண்டன்ட்டும் அந்த அப்பாவும் ஒரே கூட்டமாக (ஒரே குலமாக) இருப்பார்கள், ஒரே குலதெய்வம் கும்பிடுவார்கள். சாதி மாறிய காதல் என்றால் அது உயிர்ப் பிரச்சனை. 2016-ல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் பக்கத்தில் சாதி மாறிக் கட்டிய இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது நமக்குத் தெரியும். 2018-ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு தர வேண்டும், மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் அமைப்பதை மாநில அரசுகள் பரிசீலிக்க வேண்டும் என்று வழிகாட்டுதலே போட வேண்டி வந்தது.

அதனால் ஒளிப்பதெல்லாம் குற்ற உணர்ச்சி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. உறவைச் சொல்லாமலே மதிப்பெண் சிக்கலைத் தவிர்க்க வழி இருக்கிறது. "இந்தப் பதிவெண்ணின் தாளை நான் திருத்த இயலாது, தனிப்பட்ட காரணம்" என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு வரி எழுதுங்கள். சொந்தக்காரப் பையன் படித்தால் எழுதிக் கொடுப்பதும் இதே வரிதான், யாரும் துருவ மாட்டார்கள். ஆனால் ஒன்று: யாரிடம் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்று முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண். சொன்னால் அடி விழப்போவது அவளுக்கு.

பெருந்துறை: மேடம், அரியர் ஒண்ணு இருக்குதுங்க. ஆனா என் பேப்பர் இல்லீங்க.

அப்போ முன்னாள் மாணவி இல்லை, தம்பி. பாஸ் ஆகட்டும்.

அவிநாசி: ரெஜிஸ்டர் மேரேஜுக்கு எத்தனை நாள் ஆகும்? அதோட நாங்க ரெண்டு பேரும் ஒரே கூட்டம்.

சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் 30 நாள் நோட்டீஸ். மற்றதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டம் விவகாரம் என் துறை இல்லை.

கோபி: அம்மாகிட்ட கேட்டனுங்க. கொஞ்ச நேரம் தோசை திருப்பிட்டே இருந்தாங்க. "வேண்டாம்னு சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. நல்ல வேளை, எனக்கும் பிடிச்சிருந்துச்சு"ன்னாங்க. இதை எந்தப் பக்கம் எழுதிக்கறீங்க?

எந்தப் பக்கமும் எழுதவில்லை. நான் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

காங்கேயம்: நாலு மாசம்...

இந்தக் கேள்வி இனி வேண்டாம்.

நாமக்கல்: எங்க துறையில ஒருத்தர். பேட்ச்சுக்கு ஒரு பொண்ணு, எல்லாம் படிப்பு முடிஞ்ச அப்புறம்தான். யாரும் புகார் குடுக்கலை. அவரும் "எல்லாரும் மேஜர், முன்னாள் மாணவி"ன்னு தைரியமாச் சொல்றார். நாங்க என்ன பண்றது?

முன்னாள் மாணவி என்ற சொல்லை அவர் கேடயமாக்கியிருக்கிறார். வருடா வருடம் நடந்தால் அதற்கான ஆயத்தம் வகுப்பறையில்தான் நடந்திருக்கும். யாரை ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கிறார், யாரைத் தனியாக லேபில் நிறுத்தி வைக்கிறார் என்று பாருங்கள்.

பாதிக்கப்பட்டவர் எழுதிக் கொடுக்காமல் குழுவால் விசாரணை எடுப்பது கடினம். அவர் இறந்துவிட்டாலோ, உடல் நிலையோ மன நிலையோ காரணமாக எழுதிக் கொடுக்க முடியாத நிலையில் இருந்தாலோதான் நண்பர்களும் சக ஊழியர்களும் அவர் சார்பில் கொடுக்கலாம். ஆனால் துறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ப்ராஜெக்ட் ஒதுக்கீட்டைக் குலுக்கல் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். இன்டர்னலை இரண்டு பேர் பார்க்கட்டும். மாணவிகளைத் தனியாக அழைத்துப் பேசுவதானால் கதவு திறந்திருக்கட்டும், எல்லா ஆசிரியருக்கும் ஒரே விதியாக. இதற்கு யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஒதுக்கீட்டுப் பட்டியல் போடுவதற்கு முன்னால் துறைத் தலைவரைப் பாருங்கள். ஒருவராகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள். பேசிவிட்டு வந்ததை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள்.